ஈரத் துணி மட்டும்

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது ஒரு சொல் புத்தகம் தயாராகிறது. சர்க்யூட் போர்டு செய்கிற வேலையிலும் அதன் கழிவைச் சுத்தம் செய்கிற வேலையிலும் வரும் வார்த்தைகளுக்கு, புதிதாகச் சேரும் பெண்களுக்குப் புரியும்படி தமிழில் அர்த்தம் எழுத வேண்டுமாம். அந்தப் பொறுப்பு பொற்கொடிக்கு வந்திருக்கிறது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண். டிப்ளமோ படித்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு கழிவுநீர்ப் பிரிவில் என் இடத்துக்கு வந்தவள். இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என்னை அழைக்க வீட்டுக்கு வந்தபோது கையில் நோட்டும் கொண்டுவந்திருந்தாள்.

"அம்மா, ஸ்லட்ஜுக்குக் கசடுன்னு போட்டிருக்காங்க. நீங்கல்லாம் இன்னான்னு சொல்வீங்க?"

"களி."

"களியா?"

"பச்சைக் களி. கேவுரு களி கருப்பா இருக்கும், இது பச்சையா இருக்கும். அவ்ளோதான் வித்தியாசம். தின்னக் கூடாது, அது ஒண்ணு."

அவள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். எட்சிங்குக்கு நாங்கள் சொன்னது 'தின்ன விடறது'. பிழிந்த கசடு வில்லை வில்லையாக வரும். அதைப் படித்தவர்கள் கேக் என்பார்கள், நாங்கள் அடை என்போம். இப்படியே போய், கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். "எட்சிங் மிஷின் பக்கத்துல செவுத்துல கருப்பு பெயிண்ட்ல ஒண்ணு எழுதியிருக்கே, அது நீங்க எழுதுனதாமே? ஏன் எழுதுனீங்கன்னு கேட்டா, ரஞ்சிதம் அக்கா உங்களையே கேக்கச் சொல்லிட்டாங்க."

ரஞ்சிதம் அப்படித்தான் சொல்வாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

சொல்லாமல் விட்டால் அவள் கைகால் வைத்துச் சொல்லிவிடுவாள். அதனால் நானே சொல்கிறேன், பூஜை முடிந்து மறுபடி வந்திருக்கும் பொற்கொடி எழுதுகிறாள். என் பெயர், தேதி, எண்கள் இவ்வளவும் எனக்கு எழுத வரும். அதற்கு மேல் போனால் எனக்கும் சிரமம், படிக்கிறவர்களுக்கும் சிரமம்.

என் பெயர் அஞ்சலை. கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் கம்பெனி. என் வீட்டுக்காரர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். அரவைக் காலத்தில் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். சும்மா உட்காருவதற்கு எனக்கு ஆகாது, பெருக்குகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் பெருக்கினேன், ஒரு வருஷம் போர்டுகளைப் பெட்டியில் அடுக்கினேன். பிறகு கழிவுநீர்ப் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். நாற்றம் என்று யாரும் போகவில்லை. நான் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. போர்டு என்பது செம்புத் தகடு ஒட்டிய அட்டை. அதில் வேண்டிய கோடுகளை வெள்ளீயம் பூசி மறைத்துவிட்டு, மீதிச் செம்பை அமோனியா கலந்த மருந்தில் கரைத்துவிடுவார்கள். மருந்து தின்றது போக நிற்பதுதான் கோடு. அந்த மருந்து மயில் கழுத்து மாதிரி நீலமாக இருக்கும். அது பழசானால் கேனில் அடைத்துச் செம்பு பிரிக்கிற இடத்துக்குப் போய்விடும். ஒரு சொட்டுகூட எங்கள் பக்கம் வரக் கூடாது. மற்ற இடங்களில் போர்டு கழுவிய, அமிலம் கலந்த புளிப்புத் தண்ணீர்தான் எங்கள் தொட்டிக்கு வரும். அதிலும் செம்பு கரைந்திருக்கும். அளவாகச் சுண்ணாம்புப் பால் விட்டால் பால் திரிவது போலத் திரியும். திரிந்த செம்பு பச்சைக் களியாக அடியில் இறங்கும். மேலே நிற்கும் தெளிவு மணல் வழியாக வடிந்து காம்பவுண்டுக்குள் இருக்கும் தென்னைகளுக்குப் போகும். களியைப் பிழிந்து, காயவைத்து, மூட்டை கட்டி, அதற்கென்று அனுமதி வாங்கிய இடத்துக்குச் சீட்டோடு அனுப்புவோம்.

எனக்கு மேலே இருந்தவர் தேவசகாயம் சார். தினமும் திருக்கோவிலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பேசுவதற்கு முன்னால் தொட்டி விளிம்பை விரலால் இரண்டு தரம் தட்டுவார், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறவர் மாதிரி. கண்ணாடி ஜாடியில் தண்ணீர் எடுத்தால் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துத்தான் பார்ப்பார். கத்தமாட்டார், பாராட்டவும் மாட்டார். ரொம்பப் பிடித்துப்போனால் "ம்" என்பார். பிடிக்காவிட்டாலும் "ம்"தான். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

சேர்ந்த முதல் வாரத்தில் அவரிடம் ஓடினேன்.

"சார், தண்ணி கெட்டுப்போச்சு சார்!"

இரண்டு தட்டு தட்டினார். "பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"இன்னா சார்?"

"கண்ணால இன்னா பாத்தீங்க?"

"கலங்கலா இருந்துச்சு."

"அது பாத்தது. கெட்டுப்போச்சுன்னது நெனச்சது. முதல்ல பாத்ததச் சொல்லுங்க, அப்புறம் நெனச்சதச் சொல்லுங்க. ரெண்டையும் ஒரே டப்பாவுல போடாதீங்க அஞ்சலையம்மா."

தினமும் நாலு தடவை தண்ணீரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்றார். எழுத வராது என்றேன். அதற்கு அவர் வருத்தப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்குகிற கலர் பென்சில் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"கலர் தெரியும் இல்ல?"

அன்றிலிருந்து என் நோட்டு கலர் நோட்டு. தேதி எண்ணில் இருக்கும், அதற்குப் பக்கத்தில் நாலு கட்டம். முதல் கட்டத்தில் வந்த தண்ணீரின் நிறம், இரண்டாவதில் சுண்ணாம்பு விட்ட பிறகு, மூன்றாவதில் மேலே நிற்கும் தெளிவு, நாலாவதில் புளிப்பு பார்க்கிற காகிதத்தின் நிறம். தெளிவு சரியாக இருந்தால் மூன்றாவது கட்டத்தை வெள்ளையாகவே விட்டுவிடுவேன். அந்த வெள்ளைக் கட்டம்தான் எனக்குக் கௌரவம். ஒரு முறை அந்தக் காகிதம் தீர்ந்து, புதுசு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நான் மஞ்சள் தடவிய வெள்ளைத் துணியைக் கீற்றாகக் கிழித்துக்கொண்டு போனேன். சுண்ணாம்பு போதுமான அளவு சேர்ந்ததும் துணி ஆரத்தி மாதிரிச் சிவந்தது. புதுக் காகிதம் வந்த பிறகு சார் இரண்டையும் ஒன்றாக நனைத்துப் பார்த்தார். "ம்" என்றார். நல்ல "ம்".

எட்சிங் மிஷினில் நிற்கும் ரஞ்சிதம் அன்று முழுக்க விடவில்லை. "அக்கா, தண்ணிக்கே ஆரத்தி சுத்துறியே, அது எப்ப வயசுக்கு வந்துச்சு?"

காம்பவுண்டுக்குப் பின்னால், தென்னைகளுக்கு அந்தப் பக்கம், ஆரோக்கியம் அண்ணன் என்பவரின் கரும்புக் கொல்லையும் கிணறும் இருந்தன. எங்கள் போர் தண்ணீர் உப்பு. மத்தியானம் பெண்களெல்லாம் அவர் பம்புசெட்டுக்குப் போய்த்தான் குடிப்போம். அவர் வரப்பில் நின்று சத்தம் போடுவார். "குடிங்க, குடிங்க. உங்க கம்பெனித் தண்ணி மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பாத்துது, அப்புறம் உங்கள வெச்சுத்தான் கிணறு இறைப்பேன்!" சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் சொல்லாமல் ஒரு நாளும் விடமாட்டார்.

இனி அந்த ஆயுத பூஜை.

எங்கள் கம்பெனியில் பூஜைக்கு முந்தின நாள் லைனை நிறுத்திவிட்டு எல்லோரும் கழுவுவோம். எந்தப் பகுதி அதிகச் சுத்தமோ அதற்கு ஒரு எவர்சில்வர் குடம் பரிசு. முந்தின வருஷம் குடத்தை டிரில்லிங் பகுதி கொண்டுபோய்விட்டது. ஒரு வருஷம் முழுக்க அவர்கள் அந்தக் குடத்தைப் பற்றிப் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். எட்சிங்கும் கழிவுநீரும் போட்டிக்கு ஒரே பகுதி. ரஞ்சிதம் பூ கட்ட உட்கார்ந்தாள். நான் ஹோஸ் பைப்பைப் பிடித்தேன். தொட்டி, தரை, சுவர், மிஷின், ஒன்று விடவில்லை. பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்தோம். சுண்ணாம்புத் தொட்டிக்கு மஞ்சள் மட்டும் போதும், அதுவே குங்குமம் ஆகிவிடும். சாம்பிராணிப் புகையில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. குடம் எங்களுக்கு வந்தது. ரஞ்சிதம் "நீதான கழுவுன, நீயே வெச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டாள். நான் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன், காலியாகத்தான் இருந்தது, ஆனாலும் இடுப்பில்தான் வைத்தேன்.

விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த காலையில் தொட்டியில் சுண்ணாம்புப் பால் விட்டேன். திரியவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். சுண்ணாம்பு மட்டும் அடியில் போய் உட்கார்ந்தது. மேலே தண்ணீர் நீலமாக, கலங்கல் இல்லாமல், கண்ணாடி மாதிரி நின்றது. காகிதம் சரியான நிறம் காட்டியது. மஞ்சள் துணியும் சிவந்தது. எல்லாம் சரி, தண்ணீர் மட்டும் சரியில்லை.

சார் வந்தார். இரண்டு தட்டு. ஜாடியில் எடுத்து, வெள்ளைத் தாளைப் பிடித்து, கையால் காற்றை விசிறி மூக்குப் பக்கம் கொண்டுவந்து பார்த்தார்.

"அமோனியா. எட்சிங் மருந்து இதுல கலந்திருக்கு. அமோனியா செம்பப் புடிச்சுக்கும், சுண்ணாம்புக்கு விட்டுக்குடுக்காது."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். தொட்டி நிரம்பியிருந்தது. அது காலியானால்தான் லைன் ஓடும். சரக்கு ஏற்ற வேண்டிய வண்டி வாசலில் நிற்கிறது.

"ஏம்மா, நல்ல தண்ணியக் கலந்து கொஞ்சம் கொஞ்சமா தென்னைக்கு விட்டுடு. ஒரு நாள்தானே, ஒண்ணும் ஆயிடாது."

வெளியே விடுகிற வால்வுக்குப் பூட்டு உண்டு. சாவி என் இடுப்பில்.

"மாட்டேன் சார்."

"என்னது?"

"தென்னைக்கு அந்தாண்ட கிணறு இருக்கு சார். மத்தியானம் நாங்க அதுலதான் குடிக்கிறோம்."

அவர் தேவசகாயம் சாரைப் பார்த்தார். சார் விளிம்பைத் தட்டிவிட்டு, "அவங்க சொல்றது சரி. தொறக்க வேணாம்" என்றார். அவ்வளவுதான். லைன் நின்றது.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. மஞ்சள் துணி தோற்றது. "சரி, இது யாரால வந்தது? எட்சிங்ல யாரு?" ரஞ்சிதம் முன்னால் வந்தாள். "தப்பு வால்வத் திறந்து மருந்த விட்டிருக்க. அதான?"

"சத்தியமா வால்வத் தொடல சார்! பூஜையப்ப நான் பூ கட்டிக்கினு இருந்தேன்!"

"சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியணும். இல்லன்னா நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

அவளுக்கு வீட்டில் நடக்கப் பழகுகிற குழந்தை. அவள் சம்பளத்தில்தான் கருணாபுரத்தில் அவள் அம்மாவும் சாப்பிட்டார்கள். வாயாடி ரஞ்சிதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்தாள்.

சார் என்னிடம் திரும்பினார். "அஞ்சலையம்மா, உங்க நோட்ட எடுத்துப் பாருங்க. இன்னா பாத்தீங்களோ அதச் சொல்லுங்க."

தண்ணீரை வெளியே விடாததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடுதான் நோட்டைப் புரட்டினேன். மூன்றாவது கட்டம் பக்கத்துக்குப் பக்கம் வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பின்னால் போகப் போக ஒரே ஒரு இடத்தில் நின்றேன். ஒரு கட்டத்தில் லேசான நீலம். பென்சிலை அழுத்தாமல் தீட்டியிருந்தேன். மறுநாள் கட்டம் மறுபடி வெள்ளை. தேதியைப் பார்த்தேன். முந்தின வருஷம், ஆயுத பூஜை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள்.

அந்த வருஷம் அந்த மாதம் ரஞ்சிதம் கம்பெனியிலேயே இல்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

அப்படியானால் வால்வு இல்லை, ரஞ்சிதமும் இல்லை. இரண்டு வருஷத்துக்கும் பொதுவாக இருந்தது பூஜை. பூஜைக்கு முன்னால் கழுவியது. முந்தின வருஷம் மிஷினை வெளியே மட்டும் கழுவினேன், லேசான நீலம். இந்தத் தடவை குடத்துக்கு ஆசைப்பட்டு மூடியைத் தூக்கினேன். உள்ளே உருளைகளில் பொருக்காக ஒட்டியிருந்த நீலத்தை, அடியில் தேங்கிக்கிடந்த மருந்தை, எல்லாவற்றையும் ஹோஸ் பைப்பால் அடித்துத் தரைச் சாக்கடையில் தள்ளினேன். தண்ணீர் வெள்ளையாக வரும்வரை விட்டேன். அந்தச் சாக்கடை வருவது எங்கே? என் தொட்டிக்கு. ஹோஸ் பைப்பின் வேகத்தில் வீச்சம் தெரியவில்லை, மறுநாள் மிச்சம் இருந்ததையும் சாம்பிராணி அமுக்கிவிட்டது.

மூடியைத் தூக்கினதை யாரும் பார்க்கவில்லை. நோட்டை மூடி வைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கலரில் எழுதிய நோட்டை என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்? எதிரே ரஞ்சிதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அன்றைய தேதியைப் போட்டு, மூன்றாவது கட்டத்தை நீலப் பென்சிலால் தீட்டினேன். கூர் உடையும்வரை தீட்டினேன். பிறகு எழுந்து போனேன். மேனேஜரும் அங்கேதான் இருந்தார்.

"சார், பாத்தது ரெண்டு நீலம். ஒண்ணு போன வருஷம் பூஜை முடிஞ்ச நாளு, ஒண்ணு இன்னிக்கு."

"ம்."

"நெனச்சது, மிஷினக் கழுவுன தண்ணி."

"ம். யாரு கழுவுனது?"

"அது பாத்ததும் இல்ல, நெனச்சதும் இல்ல சார். செஞ்சது. நான்தான். மூடியத் தூக்கி உள்ளயும் அடிச்சேன்."

முதலில் பேசியது சுவர் ஓரம்.

"அடிப்பாவி அக்கா! நான் காலையிலேர்ந்து அழுதுகினு கெடக்கேன். தப்பையும் பண்ணிட்டு, குடத்தையும் வாங்கிக்கினு போய்ட்டியே!"

மேனேஜர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சார் சிரிக்கவில்லை. "யாருன்னு தெரிஞ்சுபோச்சு சார். இனிமே தண்ணியப் பாக்கலாம்" என்று சட்டைக் கையை மடித்தார்.

அவர் பார்த்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தொட்டியில் எதையும் கொட்டவில்லை. ஆறு ஜாடிகளில் அந்த நீலத்தை எடுத்து வரிசையாக வைத்தார். சல்பைடு என்கிற உப்பைக் கரைத்து, முதல் ஜாடிக்கு ஒரு சொட்டு, அடுத்ததுக்கு இரண்டு என்று விட்டுக்கொண்டே போனார். அதில் புளிப்பு பட்டால் விஷக் காற்று வரும் என்று எங்களை எட்டி நிற்கச் சொல்லி, ஒவ்வொரு ஜாடியிலும் காகிதத்தை நனைத்துப் பார்த்த பிறகே சொட்டு விட்டார். நாலாவது ஜாடியில் நீலம் உடைந்தது. மை மாதிரிக் கருப்பாகத் திரண்டு இறங்கியது. மேலே தண்ணீர் வெளுத்தது. அழுகின முட்டை நாற்றம் மட்டும் லேசாக வந்தது.

"தொட்டிக்கு எவ்ளோன்னு இந்த நாலாவது ஜாடி சொல்லிடுச்சு" என்றார்.

இரண்டு நாள் ஆனது. கருப்புக் களியைத் தனி மூட்டையாகக் கட்டினோம். தெளிந்த தண்ணீரில் அமோனியா இன்னும் இருக்கும் என்று அதையும் தென்னைக்கு விடவில்லை, வெயிலில் வற்றவிடும் தொட்டிகளுக்கு ஏற்றினோம். ஆரோக்கியம் அண்ணன் வரப்பில் நின்று, "இன்னாம்மா, ரெண்டு நாளா உங்க பக்கம் முட்டை வீச்சம்?" என்றார். நான் மறைக்காமல் சொன்னேன். அவர் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, முகர்ந்து, குடித்துப் பார்த்துவிட்டு வாளியை என்னிடம் நீட்டினார். நானும் குடித்தேன்.

குடத்தைத் திருப்பிக் கொண்டுபோனேன். ரஞ்சிதம் பிடுங்கிக்கொண்டு, "இது செக்ஷனுக்கு" என்றாள். அன்றிலிருந்து மத்தியானம் அந்தக் கிணற்றுத் தண்ணீர் அந்தக் குடத்தில்தான் வந்தது. எனக்குத் தண்டனை ஏதாவது இருக்கும் என்று காத்திருந்தேன். சார் கருப்பு பெயிண்டும் ஒரு தூரிகையும் கொண்டுவந்து கொடுத்து, எட்சிங் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார்.

"கலர்ல வேணாம் அஞ்சலையம்மா. எழுத்துல. எல்லாரும் படிக்கணும்."

அரை நாள் ஆனது. ரஞ்சிதம் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள், நான் வரைந்தேன். 'பூஜை அன்று இந்த மிஷினுக்குத் தண்ணீர் கூடாது. ஈரத் துணி மட்டும். அந்தத் துணி தனி டப்பாவில்.' வரி மேலே ஏறி மலைப் பாதை மாதிரி போனது. சார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். சுவரை இரண்டு தட்டு தட்டினார்.

"ம்" என்றார்.

பொற்கொடி கூப்பிட்டபடி இந்த வருஷம் பூஜைக்குப் போனேன். எல்லாம் புதுசு. சுண்ணாம்பு தானாக விழுகிறது. தண்ணீரின் நிறத்தைக் கண்ணாடித் திரையில் எண்ணாகக் காட்டுகிறார்கள். நல்லதுதான், பென்சில் செலவு மிச்சம். சுவர்களுக்கெல்லாம் இளம்பச்சை அடித்திருந்தார்கள். எட்சிங் மிஷின் பக்கத்தில் மட்டும் ஒரு சதுரம் பழைய வெள்ளையாகவே இருந்தது. அதற்குள் என் எழுத்து.

"பெயிண்டரு அழிச்சுட்டு அழகா எழுதித் தர்றேன்னாரு. நாங்க விடல" என்றாள் பொற்கொடி.

நான் ஓய்வு பெற்றும் அது இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ வருவது தெரிந்தது. ரஞ்சிதம். இப்போது அந்தப் பகுதிக்கே சூப்பர்வைசர், தலையில் பாதி நரை. முதலில் மூலையில் சுருட்டி மாட்டியிருந்த ஹோஸ் பைப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கையில் இருந்ததை நீட்டினாள்.

"இந்தாக்கா. ஈரத் துணி."

வாங்கி மிஷினைத் துடைத்தேன். வெளிப்பக்கம் மட்டும்.